‘மன்றத்துல பேசிட்டேன்’ என்று கவுன்சிலர் சொன்னால் என்ன அர்த்தம்?

கேள்வி கேட்டவர் சென்னையில் ஒரு குறுக்குத் தெருவில் குடியிருக்கிறார். தெருவில் மூன்று விளக்குகள் இரண்டு மாதமாக எரியவில்லை. டியூஷன் முடிந்து வரும் மகளை தினமும் முனைக்குப் போய் அழைத்து வருகிறார். பக்கத்து வீட்டுப் பையனை நாய் கடித்திருக்கிறது. கொசுவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கவுன்சிலரிடம் போனால், "மன்றத்துல பேசிட்டேன்" என்கிறாராம். பேசியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை, மாதாமாதம் கூடும் அந்த மாநகராட்சி மன்றக் கூட்டத்தால் ஜனங்களின் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்கும் பயன் ஏதாவது உண்டா என்று கேட்கிறார்.

நான் ஒரு மாநகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த ஊர் என்பது வேண்டாம். மன்றத்தில் உட்கார்ந்து பேசியதில்லை, ஆனால் அங்கே வாசிக்கப்பட்ட பதில்களில் பலவற்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். சமையல்காரனுக்குத்தான் சாம்பாரில் என்ன போட்டான் என்று தெரியும் இல்லையா, அந்த மாதிரி. உங்கள் ஊர் சென்னை என்பதால் சென்னையை வைத்தே சொல்கிறேன்.

உங்கள் கவுன்சிலர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. உண்மையிலேயே பேசியிருப்பார். எந்த நேரத்தில் பேசினார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் கூட்டம் திருக்குறளோடு தொடங்கும். இரங்கல் தீர்மானம் இருந்தால் அது முதலில். அப்புறம் கேள்வி நேரம், முன்னறிவிப்பு இல்லாமல் பேசும் நேரமில்லா நேரம். சென்னையில் 200 வார்டு, 200 கவுன்சிலர்கள். அத்தனை பேருக்கும் மைக் கிடைக்காது. கிடைத்தவர் எழுந்து தலைமைக்கு நன்றி, தலைவருக்கு நன்றி, மேயருக்கு நன்றி, ஆணையருக்கு நன்றி என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வார்டில் விளக்கு இல்லை, நாய்த் தொல்லை, பூங்காவில் கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது என்று சொல்வார். பத்திரிகைகளில் மறுநாள் வருவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான். கூச்சல், வெளிநடப்பு, சிரிப்பு எல்லாம் இங்கேதான் நடக்கும்.

இதெல்லாம் முடிந்தபிறகுதான் தீர்மானங்கள் வரும். ஐம்பது அறுபது தீர்மானங்கள் என்பது சர்வசாதாரணம். எண் வாசிப்பார்கள், மேசையைத் தட்டுவார்கள், நிறைவேறியது. ஒரு தீர்மானத்துக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாமல் முடிந்துவிடுவதுண்டு. மாநகராட்சியின் பணம் நகர்வதும், அபராதம் ஏறுவதும், ஒப்பந்தம் யாருக்கு என்று உறுதியாவதும் அந்த நிமிஷத்தில்தான். கேள்வி நேரத்தில் ஒரு கவுன்சிலர் பேசியது குறிப்பில் ஏறும், அவ்வளவே. அதை யாரும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தீர்மானமாக நிறைவேறினால் அதை நிறைவேற்றுவது அதிகாரிகளின் வேலையாகிவிடும்.

ஆகவே அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது, "பேசினீங்களா, தீர்மானம் ஆச்சா?" என்று கேளுங்கள். முகம் மாறினால் விடை கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்விகளுக்கு நாங்கள் எழுதிக் கொடுத்த பதில்களுக்கென்று ஒரு பாஷை உண்டு. "ஆவன செய்யப்படும்" என்று எழுதினால், இதுவரை ஒன்றும் செய்யவில்லை என்று பொருள். "பரிசீலனையில் உள்ளது" என்றால் கோப்பு யார் மேசையில் இருக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. "நிதி ஆதாரத்துக்கேற்பப் படிப்படியாக" என்று வந்தால் இந்த வருஷம் நடக்காது. "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்பதில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கும், ஏனென்றால் உதவிப் பொறியாளர் ஒருவர் நிஜமாகவே டேப்பைப் பிடித்து அளந்திருப்பார். "தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது" என்பது எங்கள் சுகாதாரப் பிரிவின் சொத்து. எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

சரி, அடுத்த விஷயத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன தொல்லைகளில் எது மாநகராட்சியின் வேலை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதி மனுக்கள் வீணாவது இங்கேதான்.

காவல் துறை மாநகராட்சிக்குக் கீழே இல்லை. அரசியல் சாசனப்படி அது மாநில அரசின் பொருள். மேயர் நினைத்தால் உங்கள் தெருவுக்கு ஒரு ரோந்து வண்டியைக்கூட அனுப்ப முடியாது, காவல் ஆணையரிடம் கேட்டுக்கொள்ளலாம். தீயணைப்பும் அப்படித்தான். 74-ஆவது அரசியல் சாசனத் திருத்தம் 12-ஆவது அட்டவணையில் 18 பணிகளைப் பட்டியல் போட்டு நகராட்சி அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்றது. தீயணைப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது, ஆனாலும் இங்கே அது தனி மாநிலத் துறையாகவே நடக்கிறது. குடிநீரும் கழிவுநீரும் சென்னையில் குடிநீர் வாரியத்தின் வேலை. அதற்கு 1978-இலேயே தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். கூவமும் பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறை. பெரிய சாலைகளில் சில நெடுஞ்சாலைத் துறை. மின்கம்பியும் இணைப்புப் பெட்டியும் மின்வாரியம். மாநகராட்சிக்கு மிஞ்சுவது உள் சாலைகள், மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, கொசு, நாய், மாடு, பூங்கா, பொதுக் கழிப்பறை, ஆரம்ப சுகாதார நிலையங்கள், பிறப்பு இறப்புப் பதிவு.

பார்த்தால் சில்லறை வேலைகள் மாதிரித் தெரியும். ஆனால் ஒரு பெண் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடக்கலாமா கூடாதா என்பதை இந்தச் சில்லறை வேலைகள்தான் முடிவு செய்கின்றன. பெண்கள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிர்பயா நிதியில் சென்னைக்கு வந்த பாதுகாப்பான நகரம் திட்டத்தில் காவல் துறைக்கு ஒரு பங்கு போனால் மாநகராட்சிக்கும் ஒரு பங்கு வந்தது, விளக்குக்கும் கழிப்பறைக்கும். ரிப்பன் மாளிகைக்குள் பாலினக் கொள்கை ஆய்வகம் என்று ஒரு பிரிவே தொடங்கினார்கள். பெண்களின் பாதுகாப்பை மாநகராட்சி வேலையாகப் பார்க்க ஆரம்பித்தது எனக்குத் தெரிந்து பெரிய மாற்றம். எங்கள் காலத்தில் விளக்கு என்பது மின் பிரிவின் தலைவலி, அவ்வளவே.

ஒரே பள்ளத்துக்கு மூன்று முதலாளிகள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2022 அக்டோபரில் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டிய பள்ளத்தில் இரவில் விழுந்து ஓர் இளம் பத்திரிகையாளர் இறந்தார். 2025 ஆகஸ்டில் கண்ணகி நகரில் அதிகாலை வேலைக்குக் கிளம்பிய தூய்மைப் பணியாளர் ஒருவர், மழைநீர் தேங்கிய இடத்தில் கால் வைத்ததும் மின்சாரம் தாக்கி இறந்தார். அங்கே தண்ணீர் தேங்கியது ஒரு துறையின் சங்கதி, தரைக்கடிக் கம்பி இன்னொரு துறையின் சங்கதி. மன்றத்தில் இந்த மாதிரிச் சம்பவங்களைப் பேசும்போது ஒவ்வொரு துறையும் அடுத்த துறையின் பக்கம் திரும்பிப் பார்ப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். குடிநீர் வாரியத்தையும் மின்வாரியத்தையும் கட்டுப்படுத்தும் தீர்மானத்தை மன்றம் போட முடியாது. எல்லா வேலைக்கும் தடுப்பு வைக்க வேண்டும், சிவப்பு விளக்கு வைக்க வேண்டும், சாலையை வெட்ட அனுமதி வாங்க வேண்டும் என்று நிபந்தனை போடலாம். அந்த நிபந்தனையைப் பின்பற்றுகிறார்களா என்று பார்க்க ஆள் வேண்டும். அது வேறு கதை.

நாய்க்கு வருகிறேன். இதில் நிறையப் பேர் கவுன்சிலரைத் தப்பாகத் திட்டுகிறார்கள்.

"எங்க தெரு நாய்களைப் பிடிச்சு எங்கேயாவது கொண்டுபோய் விடுங்க" என்று கேட்டால் எந்த மன்றமும் அதைத் தீர்மானமாகப் போட முடியாது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, அதன் கீழ் வந்த விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023, இரண்டும் மத்திய அரசின் சட்டங்கள். பிடித்த நாய்க்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டில்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்னதும், பத்துப் பதினைந்து நாளில் அதை மாற்றி, வெறிநோய் உள்ளதையும் மூர்க்கமானதையும் தவிர மற்றவற்றைப் பழைய இடத்தில் விடச் சொன்னதும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். நவம்பரில் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களுக்கு மட்டும் தனி உத்தரவு வந்தது. அங்கே பிடித்ததைத் திரும்ப அங்கேயே விடக்கூடாது. உங்கள் தெரு அதில் வராது.

மன்றம் செய்யக்கூடியது கணக்கு வேலை. 2024-இல் எடுத்த கணக்கெடுப்பில் சென்னையில் தெரு நாய்கள் சுமார் 1.8 லட்சம். அவற்றில் கருத்தடை ஆனவை கால் பங்குக்குச் சற்று மேல். வெறிநோய் பரவாமல் நிற்க வேண்டுமானால் ஓர் ஊரின் நாய்களில் 70 சதவீதத்துக்காவது தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. கால் பங்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நீங்கள் பத்து நாய்க்குக் கருத்தடை செய்து முடிப்பதற்குள் பதினோராவது நாய் ஆறு குட்டி போட்டுவிடும். ஆகவே மன்றத்தில் கேட்க வேண்டியது: புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி மாதிரிக் கருத்தடை மையங்கள் இன்னும் எத்தனை, ஒரு மையத்தில் நாளைக்கு எத்தனை அறுவை சிகிச்சை, கால்நடை மருத்துவர்கள் எத்தனை பேர், என் வார்டில் இந்த வருஷம் எத்தனை நாய் பிடித்தீர்கள். இந்தக் கேள்விகளுக்கு "தொடர்ந்து கண்காணிக்கப்பட்டு வருகிறது" என்று எழுதித் தப்பிக்க முடியாது. எண் கொடுத்தாக வேண்டும். 2025 ஆகஸ்டில் சென்னை முழுக்கத் தெரு நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலையைப் பெரிய அளவில் தொடங்கினார்கள். கருத்தடையை விட அது வேகமாக நடக்கக்கூடியது, கடித்தாலும் உயிர் போகாமல் காப்பதும் அதுதான்.

நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பக்கத்து வீட்டுப் பையனுக்காக. நாய் கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் ஒன்றும் வைக்கக்கூடாது. தோலில் போடும் முறை என்றால் அன்றைக்கே ஊசி, அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்களில். தசையில் போடும் முறை என்றால் நாட்கள் கொஞ்சம் மாறும், சீட்டில் எழுதித் தருவார்கள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். மூன்றாவது ஊசியோடு நிறுத்திவிட்டு "ஒன்றும் ஆகவில்லையே" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பையன் சீட்டில் உள்ள எல்லா ஊசியும் போட்டானா என்று அவர்கள் வீட்டில் கேளுங்கள்.

மன்றம் நினைத்தால் சட்டென்று செய்துவிடக்கூடிய விஷயத்துக்கு மாட்டைச் சொல்வேன். 2023 ஆகஸ்டில் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தூக்கி எறிந்த காட்சி ஊரையே உலுக்கியது. மறு வருஷம் திருவொற்றியூரில் எருமை ஒரு பெண்ணைக் கொம்பில் மாட்டி இழுத்துக்கொண்டு ஓடியது. அதற்குப் பிறகு அதே 2024-இல் பிடிபடும் மாட்டுக்கான அபராதத்தை 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆகவும், மறுபடி பிடிபட்டால் 15,000 ஆகவும் உயர்த்தி மன்றம் தீர்மானம் போட்டது. மாட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், அபராதத்தை ஏற்றும் அதிகாரம் மன்றத்திடம் இருக்கிறது, வேறு துறையைக் கேட்க வேண்டியதில்லை. அதனால் நடந்தது. அதன்பிறகு மாடு தெருவில் இல்லையா என்றால் இருக்கிறது. மாட்டுக்காரர்களுக்குக் கொட்டகை போட இடம் இல்லாமல் அபராதம் மட்டும் ஏறினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் தீர்மானம் என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு இது உதாரணம்: யாரிடம், எவ்வளவு, எப்போது என்று மூன்றும் அதில் இருக்கின்றன.

இனி கொசு. இது என் தொழில், கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றத்தில் கொசு என்று பேச்சு வந்தாலே எல்லாக் கவுன்சிலரும் கேட்பது புகை. "எங்க வார்டுக்குப் புகை வண்டி வரவே இல்லை." புகை கண்ணுக்குத் தெரியும், சத்தம் கேட்கும், பிள்ளைகள் பின்னால் ஓடும், கவுன்சிலர் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் புகை கொல்வது அந்த நேரத்தில் பறந்துகொண்டிருக்கும் கொசுவை மட்டும். முட்டையும் புழுவும் தண்ணீரில் பத்திரமாக இருக்கும். வெயில் காலத்தில் முட்டை கொசுவாக ஆக ஒரு வாரம் பத்து நாள் போதும். அடுத்த வாரம் புதுக் கொசு.

அதிலும் ஊரில் ஒரே கொசு இல்லை. ராத்திரி காதருகே பாடும் கியூலெக்ஸ் சாக்கடையிலும் கூவத்திலும் பக்கிங்காம் கால்வாயிலும் வளர்வது. தொல்லை அதிகம், யானைக்கால் நோயைப் பரப்பும். டெங்கு கொடுக்கும் ஏடிஸ் பகலில் கடிக்கும், உடம்பில் வெள்ளை வரி இருக்கும், சாக்கடைப் பக்கமே போகாது. உங்கள் வீட்டு டிரம், பிரிட்ஜுக்குப் பின்னால் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய்ச் சிரட்டை, செடித் தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, நல்ல தண்ணீர் எங்கே நின்றாலும் அங்கே. பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் பறக்காது, சில நூறு மீட்டருக்குள்தான். அதாவது உங்களுக்கு டெங்கு வந்தால் அந்தக் கொசு உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ பிறந்தது. மலேரியா கொசு ஸ்டீபன்சி இன்னொரு ரகம், மூடாத கிணறும் மேல்நிலைத் தொட்டியும் அதற்குப் பிடித்த இடம்.

இப்போது முதலாளிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கியூலெக்ஸ் வளரும் இடம் கொஞ்சம் நீர்வளத் துறை, கொஞ்சம் குடிநீர் வாரியம், மீதி மாநகராட்சி வடிகால். ஏடிஸ் வளரும் இடம் உங்கள் வீடு. புகை வண்டி இரண்டுக்கும் பதில் இல்லை.

எங்கள் ஊரில் ஒரு மழைக்காலத்தில் ஒரே தெருவில் அடுத்தடுத்து ஏழெட்டுப் பேருக்கு டெங்கு. மன்றத்தில் பெரிய ரகளை, புகை அடி புகை அடி என்று. அடித்தோம், மூன்று நாள் காலை மாலை. காய்ச்சல் நிற்கவில்லை. கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பையன், தினக்கூலிக்கு வந்தவன், தெருக் கோடியில் பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் டார்ச்சோடு இறங்கினான். லிப்ட் வைக்க விட்டிருந்த குழியில் இடுப்பளவு மழைத் தண்ணீர், கரண்டியில் எடுத்தால் கரண்டி முழுக்கப் புழு. தண்ணீரை இறைத்து மருந்து ஊற்றி, நோட்டீஸ் ஒட்டினேன். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு நான்கு போன். ஒன்று, மன்றத்தில் சத்தம் போட்டவர்களில் ஒருவரிடமிருந்து: "அது நம்ம ஆளுதாங்க, கொஞ்சம் பார்த்துக்கங்க." நோட்டீஸை நான் எடுக்கவில்லை. அதற்காக எனக்கு மாலை ஒன்றும் விழவில்லை, வேறு மண்டலத்துக்கு மாறுதல்தான் வந்தது.

அந்த நோட்டீஸுக்கு மன்றத்தின் அனுமதி தேவையில்லை என்பதைக் கவனியுங்கள். 1939-ஆம் வருஷத்துப் பொது சுகாதாரச் சட்டம் இருக்கிறது, அந்தக் கால மதராஸ் மாகாணம் போட்டது. பொது சுகாதாரத்துக்கென்று இந்தியாவில் வந்த முதல் முழுச் சட்டம் அதுதான். கொசு வளரும் இடத்துக்குள் போய்ப் பார்க்கவும், அகற்றச் சொல்லி உத்தரவு போடவும், கேட்காவிட்டால் வழக்குப் போடவும் நல அலுவலருக்கு அதில் அதிகாரம் உண்டு. ஆகவே உங்கள் தெருவில் பாதியில் நிற்கும் கட்டடமோ பூட்டிக் கிடக்கும் வீடோ இருந்தால் மன்றக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். வார்டு சுகாதார ஆய்வாளரிடம் முகவரியோடு எழுதிக் கொடுங்கள். மன்றத்தில் கேட்க வேண்டியது வேறு: வார்டுக்குக் கொசு ஒழிப்புப் பணியாளர் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் மாதாமாதம் போகிறதா, ஒருவர் நாளைக்கு எத்தனை வீடு பார்க்கிறார்.

மன்றம் இல்லாமலே எல்லாம் நடக்கும், கவுன்சிலர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதையும் இந்த ஊர் பார்த்துவிட்டது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தது. ஐந்து வருஷம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சாசனம் சொல்கிறது. நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி. 2017-இல் தமிழ்நாட்டையே ஆட்டிய டெங்கு அந்த இடைவெளியில் வந்தது. கொரோனாவும் அதே இடைவெளியில்தான். தெருத் தெருவாகக் காய்ச்சல் முகாம், தகரம் அடித்த வீடுகள், சாவுக் கணக்கில் வந்த சர்ச்சை, எதையும் கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. அதிகாரிகள் கடுமையாக உழைத்தார்கள், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. "ஆவன செய்யப்படும்" என்று பொய்யாக எழுதுவதற்குக்கூட முதலில் யாரோ ஒருவர் கேட்டிருக்க வேண்டுமே.

மன்றம் இருந்தும் கேள்வி எழாமல் போன கதையும் உண்டு. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் வேலையைத் தனியாருக்கு விடும் தீர்மானம் 2025 ஜூனில் நிறைவேறியது. ஆகஸ்ட் 1 முதல் அந்தப் பணியாளர்கள், பாதிக்கு மேல் பெண்கள், ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்தார்கள். கடைசியில் நள்ளிரவில் போலீஸ் அப்புறப்படுத்தியது. அந்த வேலையை யார் செய்ய வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு அபிப்பிராயம் இருக்கலாம். இரண்டு மண்டலங்களின் சுகாதாரத்தையே மாற்றும் முடிவு மற்ற எத்தனையோ தீர்மானங்களோடு சேர்ந்து மேசைத் தட்டலில் போய்விட்டது, வெளியே தெரியவந்தது வாசலில் கூட்டம் சேர்ந்த பிறகுதான். வாசலில் நின்றவர்களில் எத்தனை பேருக்கு ஜூன் மாதமே அந்தத் தீர்மான எண் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

சரி, உங்கள் தெருவுக்கு என்ன செய்யலாம்.

விளக்குக்கு முதலில் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். ரிப்பன் மாளிகை திறந்த வருஷமும் 1913-தான், எண் மனதில் நிற்கும். "எங்க தெருவுல விளக்கு எரியலை" என்று சொல்லாதீர்கள். கம்பத்தில் எண் எழுதியிருக்கும், மூன்று கம்பத்தின் எண்ணையும் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு விளக்கு அணைந்தால் பல்பு. மூன்றும் வரிசையாக அணைந்திருப்பதால் கம்பியிலோ பெட்டியிலோ பழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் மின்வாரியமும் வர வேண்டும், இரண்டு மாதம் இழுப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வார்டு உதவிப் பொறியாளரிடம் நேரே கேட்டால் சொல்லிவிடுவார்.

அப்புறம், மன்றத்தைவிட உங்களுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டங்கள் இருக்கின்றன. ஒன்று மண்டலக் குழுக் கூட்டம். ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனித்தனிக் குழு, அந்த மண்டலக் கவுன்சிலர்கள் எல்லாம் உறுப்பினர்கள். அங்கே ஒருவர் பேசினால் எதிரிலேயே பொறியாளரும் சுகாதார அலுவலரும் உட்கார்ந்திருப்பார்கள். 200 பேருக்கு நடுவில் மைக்குக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது பகுதி சபை. 2022-இல் விதி வந்தது. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரித்து, வாக்காளர்கள் உட்கார்ந்து பேசுவது. கிராம சபை மாதிரிதான். அதே வருஷம் நவம்பர் 1-இல் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். வருஷத்துக்கு நான்கு கூட்டம் என்று விதியில் இருக்கிறது: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10. எத்தனை வார்டில் உருப்படியாக நடக்கிறது என்பது உங்கள் கவுன்சிலருக்கே தெரியும். நடக்கவில்லை என்றால் அதைக் கேட்பதே நல்ல முதல் கேள்வி.

அங்கே போகும்போது கோரிக்கை வேண்டாம், கணக்கோடு போங்கள். எந்தெந்தக் கம்பம், எந்தத் தேதியிலிருந்து, எந்தப் புகார் எண். நாய் கடித்தது எத்தனை பேரை, எந்த மாதம், எந்த நிலையத்தில் ஊசி போட்டார்கள். தெருவில் எத்தனை வீட்டில் காய்ச்சல். உங்கள் பகுதி நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ஊசி இல்லை என்று திருப்பி அனுப்பினார்களா, எந்தத் தேதி. பக்கத்து வீட்டு அம்மாக்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு நோட்டில் இரண்டு மாதம் எழுதினாலே போதும். பேசியதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லி, ஏற்றினார்களா என்று அங்கேயே பாருங்கள். எங்களுக்குப் பயம் சத்தத்தைக் கண்டு கிடையாது, தேதி போட்ட காகிதத்தைக் கண்டுதான்.

கவுன்சிலர் மறுபடியும் "பேசிட்டேன்" என்றால், சண்டை போடாமல் எந்தத் தேதிக் கூட்டம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டி, மாநகராட்சிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. அந்தத் தேதிக் கூட்டத்தில் எங்கள் வார்டு தெருவிளக்கு, நாய், கொசு பற்றி எழுப்பப்பட்ட கேள்வியின் நகல், அதற்கு அளித்த பதிலின் நகல், அதன் பேரில் தீர்மானம் ஏதாவது நிறைவேறியிருந்தால் அதன் எண்ணும் நகலும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். பதிலில் "ஆவன செய்யப்படும்" என்று இருந்தால் அர்த்தம் உங்களுக்கு இப்போது தெரியும். "மதிப்பீடு தயாரிக்கப்பட்டு வருகிறது" என்று இருந்தால் உதவிப் பொறியாளரைப் போய்ப் பாருங்கள், மனிதர் அளந்துவிட்டார்.